வாசகர் கேள்வி: வரிப் பணத்தில் எழும்பிய ஜெயில்

போன இதழில் பாலக்காடு கோட்டைக்குள் சப் ஜெயில் இருந்ததைப் பற்றி நாலு வரி எழுதினோம். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. அதனால் இந்த முறை சினிமா, தேர்தல், சர்க்கரை நோய் எல்லாவற்றுக்கும் லீவு.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கிறாள். ஊர் நடுவில் கோட்டை மாதிரி ஒரு பழைய கட்டடம். விக்டோரியா ராணி காலத்து ஜெயில், நகராட்சியே கட்டியது என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறார்களாம். நகராட்சி சந்தை கட்டும், சாக்கடை கட்டும், ஜெயிலுமா கட்டும்? அதன் கணக்கு வழக்கெல்லாம் இன்னும் இருக்குமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கட்டியது சார். நமக்கு ஜெயில் என்றாலே சர்க்கார். இங்கிலாந்தில் 1878 ஏப்ரல் 1ஆம் தேதி வரை அப்படி இல்லை. நாடு கடத்தப்பட வேண்டிய பெரிய குற்றவாளிகளை அரசாங்கம் தன் சிறைகளில் வைத்துக்கொண்டது. சில நாள், சில மாதத் தண்டனைக்காரர்கள், விசாரணைக்குக் காத்திருப்பவர்கள், கடன் கட்டாமல் மாட்டியவர்கள் இவர்கள் எல்லாம் உள்ளூர் பொறுப்பு. கவுண்டி என்கிற மாவட்டங்களில் சம்பளம் வாங்காத மாஜிஸ்திரேட்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி வழக்கையும் விசாரிப்பார்கள், ஜெயில் கூரை ஒழுகுவதையும் பேசுவார்கள். சொந்தமாகக் கோர்ட்டும் ஜெயிலும் வைத்துக்கொள்ளும் உரிமை பெற்ற நகரங்களில் நகர மன்றம் பணம் போட வேண்டும்.

1835இல் ஒரு நகராட்சிச் சட்டம் வந்தது. 178 ஊர்களில், தங்களுக்குள்ளேயே ஆள் போட்டுக்கொண்டிருந்த பழைய கூட்டத்தைக் கலைத்துவிட்டு, வரி கட்டுகிறவர்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தை உட்காரவைத்தது. அதிலிருந்துதான் நமக்கு வேண்டிய காகிதம் குவிய ஆரம்பிக்கிறது. ஏன் என்றால் ஜெயிலுக்கு ஒரு செங்கல் வாங்கினாலும் அது கடைக்காரர், வக்கீல், மதுக்கடை முதலாளி என்று ஓட்டுப் போடுகிற ஆட்களின் பாக்கெட்டிலிருந்து போகிறது. கணக்கைக் காட்டு என்று அவர்கள் கேட்கலாம், காட்டியே ஆக வேண்டும். அதனால் உங்கள் மகள் ஜெயிலின் கைதிப் பதிவேட்டைத் தேடிப் போய் அதிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம். அதில் பெயர், வயது, குற்றம், உயரம் இருக்கும். கட்டடம் எப்படி எழும்பியது என்பது மன்றக் கூட்டங்களில் பேசி முடிவானதை எழுதி வைக்கிற மினிட்ஸ் புத்தகத்திலும் பொருளாளர் கணக்கிலும்தான் இருக்கும்.

கதை பெரும்பாலும் ஒரு புகாரில் ஆரம்பிக்கும். அதே 1835இல் சிறை இன்ஸ்பெக்டர்களை நியமித்தார்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, சிறுவனும் பழைய திருடனும் ஒரே அறையில், பெண்கள் பகுதிக்குச் சரியான சுவர் இல்லை, கழிவுநீர் உள்ளேயே தேங்குகிறது என்று எழுதுவார்கள். அந்த அறிக்கை அச்சாகிப் பாராளுமன்றத்துக்குப் போகும், உள்ளூர்ப் பத்திரிகையிலும் வரும். மானம் போனதும் மன்றம் ஒரு கமிட்டி போடும். எந்த ஊரிலும் மன்றங்கள் முதலில் செய்வது அதுதான்.

கமிட்டியின் முன்னால் மூன்று வழி. பழைய ஜெயிலைப் பழுது பார்ப்பது, புதிதாகக் கட்டுவது, இல்லை என்றால் நம் கைதிகளைக் கவுண்டி ஜெயிலுக்கு அனுப்பிவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டுவது. மூன்றாவதற்குச் சட்டம் இடம் கொடுத்தது. மினிட்ஸில் சுவாரசியமான சண்டை எல்லாம் இங்கேதான். கவுண்டிக்கு வருடா வருடம் கொட்டிக் கொடுப்பதை விட ஒரே தடவையில் கட்டிவிடலாம் என்று ஒரு கட்சி. கட்டிய பிறகு கவர்னர் என்கிற ஜெயில் தலைவர், பாதிரியார், டாக்டர், வார்டர் சம்பளம் யார் கொடுப்பது என்று இன்னொரு கட்சி. நடுவில் ஊர்க் கௌரவம் வேறு. நம்ம கைதியை அடுத்தவன் ஜெயிலில் வைப்பதா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். சிரிப்பாக இருந்தாலும் அதிலும் ஒரு நியாயம் உண்டு. சொந்த ஜெயில் இருந்தால்தான் சொந்தக் கோர்ட்டுக்கு மரியாதை என்பது அன்றைய எண்ணம்.

கட்டுவது என்று முடிவானால் அடுத்தது பணம். ஒரே வருட வரியில் ஜெயில் எழும்பாது, கடன்தான். நகராட்சியின் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ லண்டனில் நிதித்துறையின் ஒப்புதல் வேண்டும். அதற்காக நடந்த கடிதப் போக்குவரத்தின் ஒரு பிரதி ஊரில் இருக்கும், இன்னொன்று லண்டனில் இருக்கும். ஊர்ப் பிரதியைக் கரையான் தின்றிருந்தாலும் லண்டன் பிரதி காப்பாற்றும். நம்ம ஊரில் ரெண்டையும் கரையான் தின்றுவிடும், அது வேறு விஷயம்.

கேள்வி: நான் ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன். எல்லா விக்டோரியா காலத்து ஜெயிலும் ஒரே மாதிரி இருக்கிறதே, அவரவர் ஊர் இஷ்டத்துக்கு ஏன் கட்டவில்லை?
– மாணவி, சித்தூர் (நம்ம பாலக்காட்டுச் சித்தூர்)

பதில்: இஷ்டத்துக்குக் கட்ட விடவில்லை, அதுதான் காரணம். பணம் ஊருடையது, அச்சு லண்டனுடையது.

1842இல் லண்டனில் பென்டன்வில் சிறை திறந்தது. ராணுவ இன்ஜினியர் ஜோஷுவா ஜெப் வடிவமைத்தது. நடுவில் ஒரு கூடம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி நீளும் கட்டடங்கள், 520 தனி அறைகள். ஒவ்வொரு அறையும் 13 அடி நீளம், 7 அடி அகலம், 9 அடி உயரம். கைதிகள் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, தனிமையில் இருந்து மனம் திருந்த வேண்டும் என்பது அதன் தத்துவம். முகம் தெரியாமல் இருக்க வெளியே வரும்போது கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைத்த தொப்பி. ஜெயிலுக்குள் இருந்த சர்ச்சில் பாட்டுப் பாடும்போதுகூட ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தடுப்பு. மனிதனைத் திருத்தக் கண்டுபிடித்ததில் இவ்வளவு கச்சிதமான கொடுமை குறைவு என்பது என் கருத்து, ஆனால் அந்தக் காலத்தில் இதைத்தான் கருணை என்று நம்பினார்கள். பென்டன்வில் வந்த ஆறே வருடத்தில் அதே மாதிரியில் 54 சிறைகள் எழும்பின.

நீங்கள் பார்க்க வேண்டியது 1839ஆம் வருடச் சட்டம். ஒரு அறையில் கைதியைத் தனியாக அடைக்க வேண்டும் என்றால் அந்த அறைக்கு இன்ஸ்பெக்டரின் சான்று தேவை. அளவு, வெளிச்சம், காற்று, சூடு, அப்புறம் உள்ளே இருப்பவர் எந்த நேரமும் காவலரைக் கூப்பிட ஒரு வழி. இத்தனையும் இருக்க வேண்டும். புது ஜெயிலின் வரைபடமும் உள்துறை அமைச்சரிடம் போக வேண்டும். 1844இல் ஜெப்பையே சிறைகளின் தலைமை சர்வேயராகப் போட்டார்கள். ஊர் ஆர்க்கிடெக்ட் வரைந்ததைத் திருத்தச் சொல்லி அனுப்புகிறவரே அவர் என்றால், எல்லாம் பென்டன்வில் குட்டிகளாகப் பிறக்காமல் என்ன செய்யும்?

அந்தக் கூப்பிடும் வழியை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அறைக்குள் சுவரில் ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் வராந்தாவில் மணி அடிக்கும். வரிசையாக ஒரே மாதிரிக் கதவுகள், அதில் எந்த அறை கூப்பிட்டது என்று வார்டருக்கு எப்படித் தெரியும்? மணி அடிக்கிற அதே இழுப்பில், கதவுக்குப் பக்கத்துச் சுவரிலிருந்து அறை எண் எழுதிய ஒரு சின்ன இரும்புத் தகடு வெளியே நீட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்தே தெரியும். மின்சாரம் இல்லாத காலத்தில் இதை ஒவ்வொரு அறைக்கும் வைக்க வேண்டும். காற்றுக்கும் அப்படித்தான். நிலவறையில் காற்றைச் சூடாக்கிச் சுவருக்குள் போகும் குழாய் வழியே கதவுக்கு மேலே விடுவார்கள். அழுக்குக் காற்று எதிர்ச் சுவரில் தரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓட்டை வழியாகப் போய்க் கூரை மேல் உள்ள புகைபோக்கியில் வெளியேறும். அந்த ஜெயில்களின் மேலே கோபுரம் மாதிரி நிற்பதில் சில அழகுக்கு இல்லை, காற்றுக்கு.

சின்ன ஊர் ஒன்று இருபது, முப்பது அறைக்கு இதையெல்லாம் போட வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். டெண்டரில் செங்கல், சுண்ணாம்பு, மரம் எல்லாம் ஊர் விலையில் இருக்கும். எஸ்டிமேட்டைத் தூக்கிவிடுவது இரும்பு வேலையும் சூடுபடுத்தும் வேலையும்தான். பில் புத்தகம் கிடைத்தால் அந்த வரிகளை முதலில் பாருங்கள். நம்ம பி.டபிள்யூ.டி.காரர்கள் முடிந்த வேலையை அளந்து எழுதுகிற எம்.புக் மாதிரி, வேலை முடிந்த அளவுக்கு ஆர்க்கிடெக்ட் கையெழுத்துப் போட்டுத்தான் காண்ட்ராக்டருக்குப் பணம் போகும். அதனால் எந்தச் சுவர் எப்போது எழும்பியது என்பதைத் தேதியோடு பிடித்துவிடலாம்.

வரைபடம் கிடைத்து, அதில் தேதி கிழிந்து போயிருந்தால் ஒரு வழி. கடன்காரர்களுக்குத் தனிப் பகுதி காட்டியிருந்தால் அது பெரும்பாலும் 1869க்கு முன்னால். அந்த வருடச் சட்டத்தோடு கடனுக்குச் சிறை வைப்பது பெருமளவு போய்விட்டது. தூக்குக்கு மதிலுக்குள் தனி ஷெட் இருந்தால் 1868க்குப் பிற்பட்டதாக இருக்கலாம். அதுவரை தூக்கு ஊர் பார்க்க, வெளியே நடந்தது.

கேள்வி: அங்கேயும் நம்ம வ.உ.சி. இழுத்த செக்கு மாதிரி ஒன்று இருந்ததாமே?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: இருந்தது. கைதிகள் ஏறி மிதிக்கிற பெரிய சக்கரம். வில்லியம் க்யூபிட் என்ற இன்ஜினியர் 1818 வாக்கில் கொண்டுவந்தது. படிக்கட்டு ஏறுவது மாதிரியே இருக்கும், ஆனால் எங்கேயும் போய்ச் சேர மாட்டீர்கள். சில ஊர்களில் அதை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள், தானியம் அரைத்தார்கள். அப்படி என்றால் கணக்கில் வரவுப் பக்கமும் ஒரு வரி வரும். சில ஊர்களில் எதையும் அரைக்காமல் வெறும் காற்றில் சுற்றியது. 1865 சட்டம் கடுங்காவல் தண்டனைக்கு இதைப் பெயர் சொல்லியே சேர்த்தது, 1898 சட்டத்தோடு ஒழிந்தது.

வ.உ.சி. செக்கிழுத்தது கோயம்புத்தூர் சிறையில். அங்கிருந்து கண்ணூர் சிறைக்கு மாற்றி, அங்கிருந்துதான் 1912 டிசம்பரில் விட்டார்கள். கோயம்புத்தூருக்கும் கண்ணூருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற நம்ம ஆட்களில் பலருக்கு இந்தக் கண்ணூர் பாகம் தெரிவதில்லை.

கேள்வி: இவ்வளவு செலவு செய்து கட்டியதை ஏன் மூடினார்கள்?
– வாசகி, கோவிந்தாபுரம்

பதில்: முதலில் 1865 சட்டம் வந்து எல்லாக் கைதிக்கும் தனி அறை கட்டாயம் என்றது. செய்யாத ஊருக்கு அரசாங்க மானியத்தை நிறுத்தலாம். அதிலேயே சில சின்ன ஜெயில்கள் போயின. அப்புறம் 1877 சட்டம். 1878 ஏப்ரலில் 113 உள்ளூர்ச் சிறைகளும் மத்திய அரசின் கைக்குப் போயின. புதிதாக வந்த சிறை ஆணையத்தின் தலைவர் எட்மண்ட் டூ கேன், அவரும் ராணுவ இன்ஜினியர்தான், கணக்குப் போட்டுப் பார்த்துப் பல சின்ன ஜெயில்களை மூடினார். சில ஊர்களில் அப்போதுதான் கடனை அடைத்து முடிக்கிற நேரம், பாவம். ஆனால் வரி கட்டுகிறவர்கள் அழவில்லை. ஜெயில் செலவு இனி ஊர் தலையில் இல்லை என்பதுதான் அவர்களுக்குப் பெரிய செய்தி.

கேள்வி: இதே முறையில் பாலக்காட்டு சப் ஜெயிலின் கதையை நகராட்சி ஆபீஸில் தேடலாமா?
– வாசகர், பாலக்காடு வடக்கந்தறை

பதில்: தேடலாம், ஆனால் கிடைக்காது. இங்கேதான் ரெண்டு ஊருக்கும் வித்தியாசம். பாலக்காடு நகராட்சி 1866லேயே வந்துவிட்டது, ஆனால் ஜெயில் அதன் வேலை இல்லை. 1865ஆம் வருட மெட்ராஸ் நகர மேம்பாட்டுச் சட்டம் ஊர் போலீஸ் செலவின் பெரும் பங்கை நகராட்சித் தலையில் கட்டியது, 1871இல் வந்த அடுத்த சட்டம் அதை எடுத்துவிட்டது. போலீஸ் சம்பளக் கணக்கு வேண்டுமானால் அந்தச் சில வருடங்களுக்கு நகராட்சிக் காகிதத்தில் கிடைக்கலாம். ஜெயில் கட்டியது சர்க்கார், பி.டபிள்யூ.டி. எஸ்டிமேட் போட்டு, கலெக்டர் எழுதி, மெட்ராஸிலிருந்து ஜி.ஓ. என்கிற அரசாணை வந்து.

தாலுகா கச்சேரி, அதாவது தாலுகா ஆபீஸ், எங்கேயோ சப் ஜெயில் அங்கே. தாசில்தாரே மாஜிஸ்திரேட்டும். கஜானாவும் லாக்கப்பும் பக்கம் பக்கமாக இருந்தால் ஒரே காவல் ரெண்டுக்கும் போதும், அந்தச் சிக்கனம்தான் அந்தக் கட்டடங்களின் பிளானைத் தீர்மானித்தது. பாலக்காட்டில் புதிதாகக் கட்டுகிற தொந்தரவும் குறைவு. ஹைதர் அலி 1766இல் கட்டிய கோட்டையின் மதிலும் அகழியும் தயாராக இருந்தன. கைதி தப்பிக்காமல் இருக்க இதைவிட என்ன வேண்டும்? கச்சேரியும் உள்ளே போனது, ஜெயிலும் உள்ளே போனது. அதனால் சுவருக்குச் செலவு என்று பெரிய தொகை தேடினால் ஏமாறுவீர்கள். பழுது பார்த்தது, தடுப்பு வைத்தது, கம்பி போட்டது என்று சில்லறைச் செலவாகத்தான் வரும்.

பாலக்காடு 1956 வரை மெட்ராஸ் மாகாணத்து மலபார் மாவட்டம். ஆகவே மேல்மட்ட உத்தரவுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், மலபார் கலெக்டர் ஆபீஸ் பதிவுகளுக்குக் கோழிக்கோடு வட்டார ஆவணக் காப்பகத்தையும் பாருங்கள். மெட்ராஸ் சிறை நிர்வாக அறிக்கை என்று வருடா வருடம் அச்சாகி வந்தது, அதில் சப் ஜெயில்களின் கணக்கும் உண்டு. அதைப் புரட்டி எந்த வருடம் என்று பிடித்துக்கொண்டு அப்புறம் ஜி.ஓ.வைத் தேடினால் வேலை பாதி.

மேலே கேட்ட சித்தூர் மாணவிக்கும் கொழிஞ்சாம்பாறை சாருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பக்கம் கொச்சி ராஜ்யம். பஸ்ஸில் அரை மணி நேரம்தான், ஆனால் காகிதம் எறணாகுளம் காப்பகத்தில். எழும்பூரில் போய் நின்றால் அவர்கள் உங்களைத் திருப்பி அனுப்புவதில் தப்பில்லை.

கேள்வி: எங்கள் பக்கம் எப்படி? திருத்தணி தாலுகா ஆபீஸ் பழைய ரெக்கார்டு வேண்டும். ஆந்திரச் சித்தூரில் கேட்டால் திருவள்ளூரைக் காட்டுகிறார்கள், அங்கே கேட்டால் சித்தூரைக் காட்டுகிறார்கள்.
– வாசகர், நகரி

பதில்: ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. 1911 ஏப்ரல் 1 வரை திருத்தணி வட ஆற்காடு மாவட்டம், அப்போது அந்த மாவட்டத்துக்குத் தலைநகரே சித்தூர்தான். 1911இல் சித்தூர் தனி மாவட்டம் ஆனது, திருத்தணி அதில் போனது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1இல், எல்லைத் தகராறில் படாஸ்கர் கொடுத்த தீர்ப்புப்படி திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது, பின்னால் திருவள்ளூர். ஆபீஸ் நகர்ந்த ஒவ்வொரு தடவையும் எந்தக் கட்டு கூடப் போனது, எது பின்தங்கியது என்று தாலுகா மட்டத்தில் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

விக்டோரியா ராணி காலத்துச் சமாச்சாரம் என்றால் உங்களுக்கு ஒரு லாபம். அது எல்லாமே 1911க்கு முன்னால். வட ஆற்காடு என்ற தலைப்பில் எழும்பூரில் கேளுங்கள், சித்தூர் என்று கேட்காதீர்கள். 1911க்குப் பிந்தியது வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் ரெண்டு கலெக்டர் ஆபீஸுக்கும் ஒரே நாளில் மனுப் போடுங்கள், கட்டணம் பெரிதாக ஒன்றும் இல்லை, முப்பது நாளில் பதில் வர வேண்டும். இருபது வருடத்துக்கு முந்தைய விஷயம் என்றால் மறுக்க அந்தச் சட்டத்தில் காரணங்கள் ரொம்பக் குறைவு, எட்டாம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். இன்னும் இயங்குகிற ஜெயிலின் பிளானைக் கேட்டால் மட்டும் பாதுகாப்பு என்று சொல்லித் தட்டிவிட வாய்ப்பு உண்டு. அதனால் பிளான் என்று கேட்காமல், கட்ட ஒப்புதல் கொடுத்த உத்தரவு, எஸ்டிமேட் என்று கேளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை சாரின் மகளுக்கும் இதே வழிதான், இன்னும் சுலபம். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணையை வீட்டிலிருந்தே தேடலாம். உள்துறையின் பழைய கடிதங்கள் எச்.ஓ. 45 என்ற வரிசையில், 1841லிருந்து. ஊர்ப் பெயரும் ஜெயில் என்ற சொல்லும் போட்டால் ஏதாவது வரும். மன்ற மினிட்ஸுக்கு அந்தக் கவுண்டியின் ஆவணக் காப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதி, எந்த வருடத்துப் புத்தகம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். பென்சில் மட்டும்தான் அனுமதி, பேனாவை வெளியே வைத்துவிட வேண்டும்.